அன்னம் எந்த ஆண்டுக்குத் திரும்பியது

சென்ற மாதம் தம்மம்பட்டிக்குப் போயிருந்தேன். கெங்கவல்லியில் இருப்பவனுக்கு அது பக்கத்து ஊர். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர் என்று இப்போது வெளியிலும் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அது கோவில் வாகனம் செய்கிற ஊர், அவ்வளவுதான். ஒரு பட்டறை வாசலில் அன்ன வாகனம் ஒன்று பழுதுபார்க்க வந்து நின்றிருந்தது. அலகு போயிருந்தது. கழுத்தில் வெடிப்பு. தச்சர் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே காவி. முதன்முதலில் இது என்ன நிறத்தில் இருந்திருக்கும் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது எதுக்குங்க ஐயா? பங்குனிக்கு சாமி இதுமேல ஏறணும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்தப் பதிலை இன்னொரு அன்னத்தின் எதிரில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றிற்று. அது ஹாலந்தில் ஹேக் நகரத்து லூமன் மியூசியத்தில் நிற்கிறது. அது ஒரு மோட்டார் கார். நான் ஹேக் போனதில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

கல்கத்தாவில் இருந்த ராபர்ட் நிக்கோல் மாத்யூசன் என்ற வெள்ளைக்காரப் பணக்காரர் அதைச் செய்யச் சொன்னார். செய்தது இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் ஜே. டபிள்யூ. புரூக் கம்பெனி. அது படகும் படகு என்ஜினும் செய்த கம்பெனி என்பதைக் கவனிக்கவேண்டும். காரின் வளைவுகளில் படகுக்காரன் கை தெரிகிறது. 10,000 முதல் 15,000 பவுன்வரை செலவாயிற்று என்று சொல்கிறார்கள். 1910-ல் கல்கத்தாத் தெருவில் இறங்கியது. முன்புறம் ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்த அன்னத்தின் கழுத்து. உடலில் தங்கரேக்குத் தாமரைகள். இருட்டினால் கண்களில் விளக்கு எரியும். அலகு திறந்து, என்ஜினைக் குளிரவைக்கும் நீரின் ஆவியை எதிரே வருகிறவர்கள் மேல் பீச்சும். பின்பக்கம் ஒரு வால்வைத் திறந்தால் சுண்ணாம்புக் குழம்பு தெருவில் விழும், அன்னம் எச்சமிட்டதுபோல. புகைப்போக்கியின் காற்றால் எட்டு ஸ்வரம் ஊதும் ஹாரன் ஒன்று. டிரைவருக்குக் கட்டளையிடக் கப்பலில் இருப்பதுபோல ஒரு தந்திக் கருவி.

மைதானத்தில் ஜனம் சிதறி ஓடிற்று. போலீஸ் தலையிட்டு, தெருவில் ஓட்டக்கூடாது என்றது. பிறகு கார் பஞ்சாபில் நாபா சமஸ்தானத்துக்கு விலைபோயிற்று. அங்கே இதற்கு ஜோடியாக மின்சாரத்தில் ஓடும் சின்னக் குஞ்சு ஒன்றும் உண்டாயிற்று. நாபா குடும்பத்திடம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். 1991-ல் லூமன் சேகரத்தில் சேர்ந்தபோது அது சீர்கெட்டுக் கிடந்தது. இன்று பொன்னும் வெள்ளையுமாக, கல்கத்தாவில் இறங்கிய நாளின் கோலத்தில் நிற்கிறது.

என் விவகாரம் இந்த "இறங்கிய நாள்" என்பதோடுதான்.

கார் என்பது ஒரே பொருள் என்று நாம் இன்று நினைக்கிறோம். அன்று அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி விற்றது சேஸும் என்ஜினும்தான். உடலை வேறொரு பட்டறை கட்டியது. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனி குதிரைக் கோச்சு கட்டிய கையோடு மோட்டாருக்கும் பாடி கட்டியது. இதை விளக்க நான் லண்டன் போகவேண்டியதில்லை. நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையில், மூடிய அறை இல்லாத வெற்றுச் சேஸை, பலகை மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டி வந்தவனைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். லாரி பாதி பிறந்து வரும். மீதி நாமக்கல் பாடிப் பட்டறையில் பிறக்கும். ஆக, இத்தகைய வண்டிக்கு முதல் நாளே இரண்டு. பின்னால் வந்த நாட்களோ பல.

பழைய கார் ஒன்றை மீட்பது லேசான காரியமல்ல. தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும், கரையான் அதைத் தின்றிருக்கும். சட்டத்தை அளந்து புதிதாக இழைக்கவேண்டும். தகட்டைக் கொட்டிக்கொட்டி வளைவுக்குக் கொண்டுவரவேண்டும். பேரிங்குகளில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைய வேண்டும். இதைச் செய்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் கை வைத்திராவிட்டால் நாபாவின் அன்னம் விறகாகியிருக்கும். ஆனால் வேலை தொடங்குமுன் ஒரு கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்: எந்த ஆண்டுக்கு? பெரும்பாலும் பதில் யோசனையில்லாமல் வருகிறது: முதல் ஆண்டுக்கு.

நமக்கு இது புதிதல்ல. மூலபாடம் தேடும் பதிப்பாசிரியர் இதே வேலையைத்தான் செய்கிறார். ஏடெழுதியவன் கை, இடைச்செருகல், பிழை எல்லாவற்றையும் ஒதுக்கி ஆசிரியன் சொல்லுக்குப் போக முயல்கிறார். ஆனால் ஒதுக்கியதைப் பாடபேதம் என்று அடியிலாவது போடுகிறார். கார்ப் பட்டறையில் பாடபேதம் குப்பைக்கூடைக்குப் போகிறது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் பஸ்களும் கார்களும் கரிகாஸில் ஓடின. முதுகில் ஓர் உருளை, அதில் கரி புகையும். பழைய கார்களின் எந்த அணிவகுப்பிலும் அந்த உருளையோடு ஒரு காரை நான் பார்த்ததில்லை. உதிரிப்பாகம் வராத ஆண்டுகளில் நம் லேத்காரர்கள் கண்ணளவில் கடைந்து போட்ட பாகங்கள்தான் பல வண்டிகளை உயிரோடு வைத்திருந்தன. மீட்பின் முதல் நாளில் கழற்றி எறியப்படுபவை அவைதாம்.

ஹைதராபாத் நிஜாமின் 1912 ரோல்ஸ் ராய்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆறாம் நிஜாம் சொல்லி, அவர் 1911-ல் இறந்துபோய், மகனுக்கு வந்து சேர்ந்த மஞ்சள் கார். பார்க்கர் கம்பெனி பாடி, உள்ளே சிம்மாசனம். 1947 வரை ஓடியது 356 மைல் என்பது கணக்கு. கெங்கவல்லியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினால் தீர்ந்துவிடும். மீட்பதற்கு அதில் அதிகம் இல்லை, அழிப்பதற்கும் இல்லை.

அன்னத்தின் கதை அப்படியல்ல. முதல் நாளுக்கு அதைத் திருப்பும்போது எதைத் திருப்புகிறோம்? கல்கத்தாவில் ஒரு துரையின் விளையாட்டு. ஜனத்தின் மேல் ஆவி பீச்சி, அவர்கள் ஓடுவதைப் பார்க்கிற ஹாஸ்யம். தாமரையும் அன்னமும் நம்முடையவை, சிரிப்பு அவருடையது. அந்தச் சிரிப்பு இன்று புத்தம்புதிதாக இருக்கிறது.

நாபாவின் எழுபது ஆண்டுகள்? 1923 ஜூலையில் அங்கே மகாராஜா ரிபுதமன் சிங்கைப் பிரிட்டிஷார் அரியணையிலிருந்து இறக்கினார்கள். அகாலிகள் ஜைத்தோவில் போராட்டம் தொடங்கினார்கள். அதைப் பார்க்க செப்டம்பரில் மூன்று பேர் போய்க் கைதானார்கள்: ஜவஹர்லால் நேரு, கித்வானி, நம் தஞ்சை ஜில்லாக்காரர் கே. சந்தானம். நேருவையும் சந்தானத்தையும் ஒரே விலங்கில் பிணைத்து நடத்திக் கூட்டிப்போனார்கள். நேருவின் சுயசரிதத்தில் நாபாவுக்குத் தனி அத்தியாயமே உண்டு. தாழ்ந்த கூரையும் ஈரத் தரையுமான அந்தச் சிறையறை அதில் இருக்கிறது. அன்னம் நின்றிருந்த சமஸ்தானம் இது.

ரிபுதமன் சிங் குருசரண் சிங் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1928-ல் 1818-ஆம் ஆண்டு மூன்றாவது ரெகுலேஷன்படி, விசாரணையில்லாமல், அவரைக் கோடைக்கானலுக்கு அனுப்பினார்கள். பதினான்கு ஆண்டுகள் அங்கே இருந்து 1942-ல் இறந்தார். நாம் குளிர் அனுபவிக்கப் போகிற மலையில் ஒரு பஞ்சாபி அரசன் கைதியாக இருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எனக்கே இந்தக் காரைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது. மியூசியத்துக் காரில் இதற்கு அடையாளம் இல்லை. உரிந்த பூச்சும் மக்கிய டயரும், ராஜா இல்லாத கொட்டகையில் கிடந்த வருஷங்களின் ஒரே சாட்சி. அவை சுத்தம் செய்யப்பட்டுவிட்டன.

அப்படியே பாழாக விட்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கத்துச் சிறகையாவது, ஒரு சாண் அளவாவது, வந்து சேர்ந்த நிலையில் விட்டிருக்கலாம். பார்க்கிறவன் கேட்டிருப்பான்.

தம்மம்பட்டித் தச்சர் செய்வதும் அழிப்புத்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். அவரும் காவியைச் சுரண்டிக் கீழே போட்டார். எனக்கு இதற்குச் சரியான பதில் இல்லை. ஒரு வேற்றுமை மட்டும் தெரிகிறது. அவர் எந்த ஆண்டுக்கும் திரும்பவில்லை, திரும்பியதாகச் சொல்லவும் இல்லை.

சென்ற வாரம் மறுபடி போனேன். அன்னத்துக்குப் புது அலகு வைத்திருந்தார், வாகை மரத்தில். இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. நீளமாகிவிட்டதுபோல் இருக்கிறதே என்றேன்.

"எங்கப்பா வச்சது குட்டையாப் போச்சுங்க" என்றார்.