காயிதே மில்லத்தின் இரண்டு உரைகள்

என்னோடு இன்ஜினியரிங் படித்த ஆம்பூர் நண்பன் ஒருவனின் வீட்டில் எல்லோரும் உருது பேசுவார்கள். ஒருமுறை அவனே சொன்னான்: "எங்க தாத்தாவோட தாத்தா தமிழ்தான்டா பேசியிருப்பாரு. இப்ப வீட்ல சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க." நெமிலிக்காரனான எனக்கு, ராணிப்பேட்டையில் தொடங்கிப் பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி வரை போகும் அந்தத் தோல் ஷாப் உலகம் வாசனையாக மட்டுமே தெரிந்திருந்தது. அங்கே தமிழ் பேசிய பல முஸ்லிம் வணிகக் குடும்பங்கள், பள்ளிக்கும் மதிப்புக்கும் உரிய மொழியாக உருதுவை எடுத்துக்கொண்டன என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலும் தோல் வியாபாரிதான். 1896இல் பிறந்த திருநெல்வேலிக்காரர். இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் முதல் தலைவர். நம் மேடைகளில் அவர் பெயர் வந்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் வரும். 1949 செப்டம்பரில், அரசியல் நிர்ணய சபையின் ஆட்சிமொழி விவாதத்தில் பேசியது. பழமைதான் அளவுகோல் என்றால் இந்த மண்ணில் மூத்தவை திராவிட மொழிகள், அதிலும் தமிழ். அதுவே என் தாய்மொழி, அதில் எனக்குப் பெருமை உண்டு என்றார். கைதட்டாமல் இருக்க முடியாது.

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு, 1948 நவம்பர் 23 அன்று அதே சபையில் அவர் பேசியதை யாரும் மேடையில் சொல்வதில்லை. பொது சிவில் சட்டம் பற்றிய வரைவுப் பிரிவு 35 அன்று விவாதத்துக்கு வந்தது (இன்றைய 44). எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்தார்கள். திருத்தம் தோற்றது.

ஒரு பேச்சை முற்போக்கு என்றும் மற்றதைப் பிற்போக்கு என்றும் பிரித்து வைப்பது நமக்கு வசதி. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மக்கள் வழிவழியாக வைத்திருப்பதில் டெல்லி கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பழமைவாதம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. ராஜாஜியைச் சொல்லலாம்தான், ஆனால் அவர் 1937இல் இந்தியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர், பின்னால் அதையே எதிர்த்தவர். இஸ்மாயிலுக்கு அந்தத் திருப்பம் தேவைப்படவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் இருவருமே இருந்தார்கள்.

நவம்பர் பேச்சுக்கு அம்பேத்கர் சொன்ன பதிலில்தான் விஷயம் இருக்கிறது. முஸ்லிம் தனிச்சட்டம் இந்தியா முழுக்க மாறாமல் ஒன்றாக இருந்தது என்பதே சரியில்லை என்றார். வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1935 வரை ஷரியத் சட்டம் இல்லை. ஐக்கிய மாகாணம், பம்பாய் போன்ற இடங்களில் 1937 வரை வாரிசுரிமையில் பெருமளவு இந்துச் சட்டமே நடந்தது. வட மலபாரில் முஸ்லிம்களுக்கும் மருமக்கத்தாயம், அதாவது தாய்வழிச் சொத்துரிமை. இஸ்மாயில் 'வழிவழியாக' என்றதில் ஒரு பகுதிக்கு வயது பதினொன்று. அதையும் கொண்டுவந்தது ஒரு சட்டசபைதான். பின்னாளில் அவரை மூன்று முறை மக்களவைக்கு அனுப்பிய மஞ்சேரி தொகுதி இருந்ததும் மலபாரில்தான்.

இதற்காக அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அன்றைய நிலையில், மகளுக்கு மகனில் பாதி என்று ஷரியத் பங்கு வைத்திருந்தது; மிதாட்சரக் குடும்பத்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையே கிடையாது. தமிழ்நாட்டில் அது 1989இல்தான் வந்தது. மறுபக்கம், மகளுக்குப் பாதி போதும் என்பதை 2020களில் நின்று என்னால் ஏற்க முடியாது. ஆனால் அதை மாற்றச் சொல்ல வேண்டியவர் யார் என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. இந்தித் திணிப்பு என்று நாம் கத்தும்போது கேட்பதும் அதே கேள்விதானே?

இதை ஆம்பூர் நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க ஆளுங்க மொழிய மாத்திக்கிட்டாங்க இல்ல, அத யாரும் சட்டம் போட்டுச் சொல்லலடா" என்றான். அப்புறம், "என் தங்கச்சிகிட்ட கேட்டா வேற சொல்லுவா."