கட்டைவிரல் எழுதிய கதைகள்: ஜப்பானியக் கைத்தொலைபேசி நாவலின் வரலாறு

எழுதுகருவி மாறும்போதெல்லாம் இலக்கியத்தின் உருவமும் மாறி வந்திருக்கிறது. ஓலையும் எழுத்தாணியும் ஆண்ட காலத்தில், மனத்தில் நிறுத்துவதற்கேற்ற செய்யுளே செங்கோல் செலுத்தியது. தாளும் அச்சுப்பொறியும் பரவிய பின்னரே உரைநடை தலைநிமிர்ந்தது. 1879ஆம் ஆண்டு வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சுக்காலம் தமிழுக்கு ஈன்ற குழந்தை என்றால் அது மிகையாகாது. அவ்வாறே, பேசுவதற்கென்று செய்யப்பட்ட கைத்தொலைபேசி எழுதுவதற்கும் உரிய கருவியாக மாறியபோது, அதற்கெனத் தனியானதோர் இலக்கிய வகை பிறந்தது. அது பிறந்த நாடு ஜப்பான். அதைப் பெற்றெடுத்தோர் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் அல்லர்; பெரும்பாலும் பள்ளி மாணவியரும் இளம் பெண்களுமே ஆவர்.

இருபதாண்டுகளுக்கு முன் எழுந்து தணிந்த அந்த அலையின் வரலாறு, எழுத்துத்துறையில் ஈடுபாடு கொண்டோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும். 'யார் எழுத்தாளர்?' என்னும் பழைய வினாவை அது புதிய வடிவில் எழுப்பியது.

எண்களால் பேசிய மாணவியர்

கைத்தொலைபேசி பரவுவதற்கு முன்பே இக்கதை தொடங்கிவிடுகிறது. ஜப்பானில் 'பாக்கெட் பெல்' என்று வழங்கிய பேஜர், அலுவலக ஊழியரை அவசரமாக அழைப்பதற்கென அமைந்த கருவி. திருப்பி அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை மட்டுமே அது காட்டும். 1990களின் தொடக்கத்தில் இக்கருவியைக் கைப்பற்றிய பள்ளி மாணவியர், அந்த எண்களையே மொழியாக்கினர். ஜப்பானிய மொழியில் ஒவ்வோர் எண்ணுக்கும் பல ஒலிப்புகள் உண்டு. ஆதலின் 0840 என்று அனுப்பினால் 'ஒஹாயோ', அதாவது காலை வணக்கம். 4649 என்றால் 'யொரொஷிக்கு', அதாவது அன்பு பாராட்டுக என்னும் பொருள். 39 என்பது 'சான்கியூ'. ஆங்கில நன்றிச் சொல்லின் ஜப்பானிய ஒலிப்பு.

ஒரு கருவியை ஆக்கியோன் நினையாத பயனை, அதைக் கையாள்வோர் கண்டறிந்த நிகழ்ச்சி இது. 1996ஆம் ஆண்டளவில் பேஜர் சந்தாதாரர் தொகை ஏறத்தாழ 10 மில்லியனை எட்டியது. ஒரு பேஜர் வகையிலிருந்து இதயக் குறி நீக்கப்பட்டபோது, இளையோர் அதைத் துறந்து வேறு நிறுவனத்தை நாடினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரு சிறு குறி நீங்கியதற்காக வாடிக்கையாளர் விலகுவர் என்பதை அந்நிகழ்ச்சி தொழில்துறையினருக்கு உணர்த்தியது.

ஐ-மோடு காலம்

1999ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், டொக்கோமோ நிறுவனம் 'ஐ-மோடு' என்னும் சேவையைத் தொடங்கியது. எனோக்கி கெய்ச்சியின் தலைமையில் உருவான இத்திட்டத்தில், இதழாசிரியராக இருந்த மாட்சுனாகா மாரியும், வணிக நுட்பம் அறிந்த நாட்சுனோ தக்கேஷியும் இணைந்து பணியாற்றினர். கைத்தொலைபேசியின் சிறு திரையிலேயே மின்னஞ்சலும் இணையப் பக்கங்களும் கிடைத்தன. அதன் பயனீட்டாளர் தொகை 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் 10 மில்லியனைத் தொட்டது. வீட்டில் கணினி இல்லாத இளையோர் பலர்க்கு இணையம் என்பதே அந்தச் சிறு திரைதான்.

இச்சேவைக்கென குரிட்டா ஷிகெதாகா 176 சிறு படக்குறிகளை வடிவமைத்தார். நீளத்தில் 12, அகலத்தில் 12 எனப் புள்ளிகளை அடுக்கி அவை அமைக்கப்பட்டன. 'இமோஜி' என இன்று உலகெங்கும் வழங்கும் குறிகளின் முன்னோடிகளுள் இவை முதன்மையானவை. 2016ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் இவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

புதுமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஷார்ப் நிறுவனம் செய்த, படம் எடுத்து உடனே அனுப்ப வல்ல கைத்தொலைபேசி விற்பனைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு ஜனவரியில், விளையாட்டுகளைத் தருவித்து ஆடவல்ல கருவிகளை டொக்கோமோ வெளியிட்டது. எழுத்து, படம், விளையாட்டு ஆகிய மூன்றும் ஒரே உள்ளங்கைக்குள் அடங்கின.

ஷிபுயாவில் பிறந்த கதை

டோக்கியோவில் இளையோர் கூடும் இடங்களுள் பெயர்பெற்றது ஷிபுயா. முன்பு பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஒருவர், 'யோஷி' என்னும் புனைபெயருடன் 2000ஆம் ஆண்டில் கைத்தொலைபேசிக்கென ஓர் இணையப் பக்கத்தை அமைத்தார். ஷிபுயா நிலையத்தருகே மாணவியருக்கு அறிமுக அட்டைகளை வழங்கினார். அப்பக்கத்தில் அவர் தொடராக எழுதிய 'டீப் லவ்' என்னும் கதையே கைத்தொலைபேசி நாவலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. காதலனின் இதய அறுவைச் சிகிச்சைக்காகத் தன்னையே விற்கும் 17 வயதுப் பெண்ணின் துயரக் கதை அது.

படிப்போர் தம் துயரங்களை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினர். ஆசிரியரும் அவற்றுள் சிலவற்றைக் கதைக்குள் இணைத்துக்கொண்டார். பின்னர் ஸ்டார்ட்ஸ் பதிப்பகம் இதை நூலாக்கியது. அந்நூல் வரிசை 2.5 மில்லியன் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. இலக்கிய இதழ் எதுவும் கைகொடுக்காமல், விமர்சகர் எவரும் பாராட்டாமல் கிடைத்த வெற்றி அது.

எனினும் யோஷி வயது வந்த ஆடவர். இளம் பெண்களின் கதையை அவர்களுக்காக அவர் சொன்னார். அடுத்த கட்டத்தில் அப்பெண்களே எழுதத் தொடங்கினர். 'மாஹோ நோ ஐ-ராண்டோ' என்னும் இணையத்தளம் 1999இல் தோன்றியது. 'மந்திரத் தீவு' எனும் பொருள்படும் அப்பெயர் பொருத்தமானதே. தனிப்பட்டோர் இலவசமாகத் தம் பக்கங்களை அமைத்துக்கொள்ள அது வழிசெய்தது. 2000ஆம் ஆண்டில் நாவல் எழுதுவதற்குரிய வசதியையும் சேர்த்தது.

கட்டணம் கட்டிய தடை

வசதி 2000இலேயே இருந்தும் எழுத்து உடனே பெருகவில்லை. அதற்குரிய காரணம் கலையன்று, கட்டணமே. ஐ-மோடு சேவையில் மாதச் சந்தா 300 யென் மட்டுமே. ஆனால் 128 பைட்டு கொண்ட ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 0.3 யென் வீதம் தனியே செலுத்த வேண்டும். நீண்ட கதையை எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் ஒவ்வொரு பக்கமும் பெற்றோரின் கட்டணச் சீட்டில் ஏறியது.

2003ஆம் ஆண்டு நவம்பரில் 'ஏயூ' நிறுவனமும், 2004இல் டொக்கோமோவும் எவ்வளவு பயன்படுத்தினாலும் ஒரே கட்டணம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தன. அணை திறந்தது போலாயிற்று. தொடர்வண்டியில் பள்ளிக்குச் செல்லும் நேரத்திலும், பகுதிநேர வேலைக்கிடையே கிடைத்த ஓய்விலும், இரவில் போர்வைக்குள்ளும் கட்டைவிரல்கள் இயங்கின. அத்தளத்தில் இடம்பெற்ற நாவல்களின் எண்ணிக்கை 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மில்லியனை எட்டியதென்று அந்நிறுவனம் அறிவித்தது. இலக்கிய வரலாற்றை எழுதுவோர் கொள்கைகளையும் இயக்கங்களையும் ஆராய்கின்றனர். தாளின் விலையையும் தபால் கட்டணத்தையும் மறந்துவிடுகின்றனர். எழுதுவதற்கு ஆகும் செலவு குறையும்போதுதான் எழுதாதோர் எழுதத் தொடங்குகின்றனர்.

'ரின்' என்னும் புனைபெயர் கொண்ட பெண், உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில், கிடைத்த நேரமெல்லாம் கைத்தொலைபேசியில் எழுதி ஆறு மாதங்களில் ஒரு நாவலை முடித்தார். நூல் வெளிவரப்போகிறது என்று சொல்லும்வரை மகள் நாவல் எழுதியது தாய்க்கே தெரியாது. அந்நூல் 400,000 படிகள் விற்பனையாயிற்று. ஒரே வீட்டில் வாழ்ந்த தாய்க்கும் தெரியாத ஓர் உலகம், முகமறியாத பல்லாயிரம் தோழியர்க்குத் தெரிந்திருந்தது என்பது சிந்தனைக்குரியது.

'மிக்கா' என்பவர் எழுதிய 'கொய்ஸோரா' என்னும் நாவல் இவ்வலையின் உச்சம். 'காதல் வானம்' என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். பள்ளி மாணவி ஒருத்தியின் காதல், அவள்மீது இழைக்கப்படும் வன்கொடுமை, கருச்சிதைவு, காதலனின் புற்றுநோய் மரணம் என்று துயரத்தின்மேல் துயரமாக அக்கதை செல்கிறது. 2006ஆம் ஆண்டு அக்டோபரில் இரு பாகங்களாக அச்சேறியது, 2007இல் திரைப்படமாயிற்று. அவ்வாண்டு ஜப்பானில் மிகுதியாக விற்பனையான பத்து இலக்கிய நூல்களுள் ஐந்து, கைத்தொலைபேசியில் பிறந்தவை. முதல் மூன்று இடங்களையும் அவையே கைப்பற்றின.

நடையும் எதிர்ப்பும்

இந்நாவல்களின் நடையைக் கருவியே வகுத்தது. திரை சிறிது, ஆதலின் வரி குறுகியது. வருணனை அருகி உரையாடல் பெருகியது. கடினமான சீன எழுத்துகள் குறைந்தன. தயக்கத்தையும் மௌனத்தையும் காட்ட வெற்றிடங்கள் விடப்பட்டன. ஜப்பானிய நாவல்கள் மேலிருந்து கீழாக அச்சிடப்படுவது மரபு. இவையோ நூலான பின்பும் திரையில் இருந்தவாறே இடமிருந்து வலமாக அச்சிடப்பட்டன.

அறிஞர் உலகம் முகம் சுளித்தது. சொல்வளம் இல்லை, பாத்திர வளர்ச்சி இல்லை, கற்பழிப்பும் நோயும் மரணமும் வாய்பாடு போல் திரும்பத் திரும்ப வருகின்றன என்று குறை கூறப்பட்டது. 'புங்ககுகாய்' என்னும் மதிப்புமிக்க இலக்கிய இதழ், கைத்தொலைபேசி நாவல் 'எழுத்தாள'ரைக் கொன்றுவிடுமா என்று தன் 2008 ஜனவரி இதழில் வினா எழுப்பியது.

இக்குறைகளை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்று நினைவுகூரத்தக்கது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் சீன எழுத்தும் சீனப் புலமையுமே ஆடவர் கல்வியின் அடையாளமாக விளங்கின. அரண்மனைப் பெண்கள் எளிய 'கானா' எழுத்தில் தம் மொழியில் எழுதினர். அவ்வாறு முராசாக்கி ஷிக்கிபு எழுதிய 'கெஞ்சியின் கதை' இன்று உலகப் பேரிலக்கியங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. எளிய எழுத்தில் வந்த யாவும் பேரிலக்கியம் ஆகிவிடா. ஆனால் எளிய எழுத்து என்பதற்காகவே ஒன்றை ஒதுக்குவது வரலாறு அறியாதார் செயலாகும்.

இவ்வுறவை உணர்ந்தவர் செட்டூச்சி ஜாக்குச்சோ. புகழ்பெற்ற நாவலாசிரியரும் பௌத்தத் துறவியுமான அவர், 'கெஞ்சியின் கதை' முழுவதையும் தற்கால ஜப்பானிய மொழியில் தந்தவர். 2008ஆம் ஆண்டு, தம் 86ஆம் வயதில், 'பர்ப்பிள்' என்னும் புனைபெயருடன் 'நாளைய வானவில்' என்ற கைத்தொலைபேசி நாவலை எழுதினார். ஊதா நிறத்தைக் குறிக்கும் அப்பெயர், அதே பொருளுடைய 'முராசாக்கி' என்னும் பெயரை நினைவூட்டுவது. செப்டம்பரில் கைத்தொலைபேசி நாவல் பரிசு விழாவில் அவர் தாமே அதை எழுதியதாக வெளிப்படுத்தினார். முதலில் கைத்தொலைபேசியில் எழுத முயன்று, அது அரிதாக இருக்கவே, பேனாவால் தாளில் எழுதிப் பதிப்பகத்தாரிடம் தந்து ஏற்றச் செய்தார் என்பது சுவையான செய்தி. மூத்த தலைமுறையின் கை முடியாது ஓய்ந்த இடத்தில், இளைய தலைமுறையின் கட்டைவிரல் தடையின்றி ஓடியது.

விளையாட்டின் எழுச்சி

அதே சிறு திரையில் மற்றொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய 'மொபாகே டவுன்' இலவச விளையாட்டுகளைத் தந்து இளையோரை ஈர்த்தது. நாட்குறிப்பும் நாவலும் எழுதவும் அதில் இடமிருந்தது. தொடர்ந்து, நண்பரோடு சேர்ந்து ஆடும் கைத்தொலைபேசி விளையாட்டுகள் பெருகின. ஆடுவது இலவசம், ஆனால் அரிய அட்டைகளையும் கருவிகளையும் குலுக்கல் முறையில் பெறப் பணம் கட்ட வேண்டும். 'கச்சா' என்று அம்முறைக்குப் பெயர். குறிப்பிட்ட அட்டைகள் அனைத்தையும் சேர்த்தால் மட்டுமே பரிசு என்னும் வகை, சிறுவரும் பெருந்தொகையை இழக்க ஏதுவாயிற்று. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் அது சட்டத்துக்கு முரணானது என்று நுகர்வோர் விவகார முகமை அறிவித்த பின், நிறுவனங்கள் அவ்வகையைக் கைவிட்டன.

இரண்டையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நாவல் எழுதிய மாணவி தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்து ஒரு படைப்பைப் பெற்றாள். குலுக்கலில் மூழ்கிய சிறுவன் நேரத்தோடு பணத்தையும் கொடுத்து, மற்றொருவர் செய்துவைத்த படத்தைப் பெற்றான். கருவி ஒன்றே. அதை அமைத்தோரின் நோக்கம்தான் ஒருவரைப் படைப்பாளியாகவும் மற்றொருவரை வெறும் வாடிக்கையாளராகவும் ஆக்கியது.

தணிந்த அலை

2008ஆம் ஆண்டு ஜூலையில் ஐபோன் ஜப்பானுக்கு வந்தது. பொத்தான்கள் மறைந்து தொடுதிரை பரவியது. கைத்தொலைபேசி நாவலின் விற்பனை அலையும் தணிந்தது. ஐ-மோடு சேவையில் புதியவர்களைச் சேர்ப்பது 2019ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும் தனிப்பட்டோர் இணையத்தில் தொடராக எழுதுவதும், படிப்போர் உடனுக்குடன் கருத்துரைப்பதும், புகழ்பெற்ற பின் பதிப்பகம் தேடிவருவதும் ஆகிய வழக்கம் நிலைத்துவிட்டது.

அந்த ஒரு மில்லியன் நாவல்களுள் காலத்தை வென்று நிற்பவை சிலவாக இருக்கலாம். ஒன்றும் நில்லாமலும் போகலாம். ஆனால் அவற்றை எழுதியோர் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. பேசுவதற்கென்று தரப்பட்ட கருவியில், எவரிடமும் பேச முடியாதவற்றை எழுதினர். தாயிடமும் சொல்ல முடியாத துயரைத் தாங்கிய பெண்ணுக்கு முதலில் வேண்டியது அழகிய நடையன்று, கேட்பதற்கு ஒரு செவி. அச்செவி கிடைத்த இடத்தில் இலக்கியம் முளைத்தது. அதை வளர்த்துச் செம்மைப்படுத்துவது மூத்த எழுத்தாளரின் கடமை. முளையிலேயே கிள்ளுவது அன்று. செட்டூச்சி அம்மையார் 86 வயதில் அதைச் செய்து காட்டினார்.