ரத்தப்போக்கு நின்னாலும் சிகிச்சையை நிறுத்தாதீங்க! உள் கதிர்வீச்சு ஏன் முக்கியம்?

முக்கொம்பு என்றால் நமக்குப் பூங்காவும் பொரித்த மீனும்தான் ஞாபகம் வரும். 1836-ல் அங்கே மேலணை கட்டியதற்குக் காரணம் வேறு. காவிரியில் வந்த தண்ணீர் தாழ்வான கொள்ளிடம் பக்கம் ஓடிவிட, டெல்டா வயல்கள் காய்ந்தன. தண்ணீர் இருந்தது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கதிர்வீச்சு சிகிச்சையிலும் அதே சிக்கல்தான்!

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சற்று முற்றிய நிலையில் இருந்தால், பொதுவாக சுமார் 5 வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு தருவார்கள், கூடவே கீமோவும் உண்டு. ஆனால் வெளியிலிருந்தே அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் பாதிக்கப்படும். அதனால்தான் அடுத்த கட்டமாக 'பிராக்கிதெரபி' எனும் உள் கதிர்வீச்சு.

எப்படிச் செய்வார்கள்?

மயக்க மருந்து அல்லது வலி மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய குழாய்களைப் பொருத்துவார்கள். அரிசியை விடச் சின்ன இரிடியம் துணுக்கை மெஷின் அதற்குள் அனுப்பும். சில நிமிடங்களில் அதைத் திரும்ப எடுத்துவிடும். பெரும்பாலும் 3 முதல் 5 முறை செய்வார்கள். முன்பெல்லாம் தனி அறையில் நாள் கணக்கில் படுத்திருக்க வேண்டும்.

புதுசா என்ன?

எம்.ஆர்.ஐ, சி.டி படம் பார்த்து, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அளவைத் திட்டமிடுகிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால் ஊசிகளையும் சேர்த்து வைக்கிறார்கள். 1,341 பெண்களிடம் நடந்த 'எம்ப்ரேஸ்-1' ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. எம்.ஆர்.ஐ வழிகாட்டுதலுடன் செய்ததில், 5 ஆண்டுகளுக்குப் பிறகும் 92% பேருக்குக் கட்டி இருந்த இடத்தில் நோய் கட்டுக்குள் இருந்தது.

அம்மாவைத் தொடலாமா?

தாராளமா! துணுக்கை எடுத்த பிறகு உடம்பில் கதிர்வீச்சு தங்காது. குழந்தைகளையும் கொஞ்சலாம். பிறப்புறுப்பு வறட்சி, சுருக்கம், சிறுநீர் எரிச்சல் வரலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தீர்வு உண்டு.

பாதியில் நிறுத்தாதீங்க

வெளிக் கதிர்வீச்சு முடியும்போதே ரத்தப்போக்கு நின்றுவிடலாம். 'அதான் சரியாயிடுச்சே, இனி எதுக்கு?' என்று அம்மாவோ அத்தையோ சொல்லலாம். அங்கேதான் நீங்கள் பேச வேண்டும். உள் கதிர்வீச்சைத் தவிர்த்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். மொத்த சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிவது நல்லது. எனவே முதல் நாளே, "உள் கதிர்வீச்சு எங்கே, எந்தத் தேதியில்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்றும் அன்றே விசாரியுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்... இதில் எது இருந்தாலும் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.