காலிப்பும் ஒன்பது நகரங்களும்

கவிஞர் ஒருவரைப் போற்றுவதென்றால் அவருடைய படத்தைத் திறந்து மாலையிடுவதே நம் வழக்கமாகும். முகமே இல்லாத வெறும் கோடுகளால் ஒரு கவிஞருக்கு அஞ்சலி செலுத்த இயலுமோ என நம் இளைஞர்கள் ஐயுறலாம். ஜரீனா ஹாஷ்மி என்னும் ஓவியர் அதனைச் செய்து காட்டினார்.

1937இல் அலிகாரில் பிறந்த இவ்வம்மையார் கணிதம் பயின்றவர். பாரிசில் அச்சுக்கலை கற்றவர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் இவருடைய குடும்பத்தார் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். வீடிழந்த துயரமே இவர் கலையின் வேர் எனலாம். 2020இல் இலண்டனில் மறைந்தார்.

2003இல் இவர் வெளியிட்ட ஒன்பது மரச்செதுக்கு அச்சுப்படங்களின் தொகுதிக்குப் பாழ்வெளியில் அழிந்த நகரங்கள் என்னும் பொருளில் தலைப்பிட்டார். அத்தலைப்பிலேயே ஆட்ரியன் ரிச், காலிப் ஆகிய இரு கவிஞர்களின் பெயர்களும் உள்ளன. மிர்சா காலிப் (1797–1869), 1857 கிளர்ச்சிக்குப் பின் தில்லி பாழானதை நேரில் கண்ட உருதுப் பெருங்கவிஞர். அமெரிக்கரான ரிச், அய்ஜாஸ் அகமது தந்த நேர்பெயர்ப்பைக் கொண்டு காலிப்பை ஆங்கிலத்தில் வடித்தார்; 1968 கோடையில் அவருக்கு அஞ்சலியாகத் தாமும் கஜல்கள் இயற்றினார். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டு அது.

கஜலின் ஈரடிகள் ஒவ்வொன்றும் நம் குறளைப் போலத் தனித்துப் பொருள் தரும். இவ்வச்சுப்படங்களும் அவ்வாறே. பாக்தாத், காபூல், சரயேவோ, பெய்ரூத் என ஒவ்வொன்றும் ஒரு நகரம். 2002இல் கலவரத் தீயில் எரிந்த நம் அகமதாபாத்தும் அவற்றுள் ஒன்று. பிணமில்லை, புகையில்லை, வரைபடக் கோடுகளும், உருதுவில் ஊர்ப்பெயரும் மட்டுமே உள்ளன.

மரச்செதுக்கில், பலகையில் மேடாக விடப்பட்ட பகுதியே மையேற்கும்; உளி நீக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். நியூயார்க் படத்தில் கரிய பரப்பின்மீது இரண்டு வெண்கோடுகளே உள்ளன. 2001இல் வீழ்ந்த இரட்டைக் கோபுரங்கள் அவை. இல்லாமற்போனதை, செதுக்கி நீக்கியே காட்டிய இத்திறம் எந்த உருவப்படத்திற்கும் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

ரிச் கஜல் இயற்றிய அதே 1968இன் டிசம்பர் 25 அன்று, நம் தஞ்சைத் தரணியின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வெண்மணிக்கு நினைவுச் சின்னம் உண்டு, நாவலும் உண்டு. ஜரீனா செதுக்கிய ஒன்பதும் பெருநகரங்களும் பேரூர்களுமே. சேரி அவற்றுள் இல்லை. அதற்காக அவரைக் குறை கூறுவது முறையன்று. அவர் தாம் அறிந்த துயரத்தைச் செதுக்கினார்.

ஓவியம் பயிலும் நம் பேராவூரணி இளைஞர்களுக்கு வேண்டுவது ஒரு பலகையும் உளியும் கரிய மையும்தான். வெண்மணிக்கெனச் செதுக்குவோர் வரையவேண்டியனவும் மிகுதியில்லை: ஒரு தெரு, அதைச் சூழ்ந்த வயல், தெருவின் ஓரத்தில் ஒரு சிறு வெண்சதுரம்.