பள்ளி இணைப்பும் மாற்றுத்திறன் மாணவர் உரிமையும்: கோவை மாவட்டத்தை முன்வைத்து

அரசுப் பள்ளிகளின் நிர்வாகம் மாறுவதும் பள்ளிகள் மூடப்படுவதும் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் முதலிய பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு கோவை மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தது. விரிந்த பகுதிகளின் பள்ளிகள் பின்னர் மாநகராட்சிப் பொறுப்புக்கு வந்தன. 2019இல் மாணவர் இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக்க மாநில அரசு முடிவெடுத்தது. இத்தகைய மாற்றங்களில் பதிவேடும் பணியிடமும் எளிதில் இடம்பெயரும். மாற்றுத்திறன் மாணவருக்கென ஒரு பள்ளியில் அமைந்த ஏற்பாடு தானாக இடம்பெயராது. அந்த ஏற்பாடு புதிய பள்ளியில் அமையும்வரை இணைப்பாணை அம்மாணவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமிக்குப் பள்ளி என்பது என்ன? கைப்பிடி வைத்த சாய்தளம், உட்கார ஏற்ற கழிப்பறை, சிறப்பாசிரியர் வரும் நாள், வட்டார வள மையத்தில் நடக்கும் இயன்முறைப் பயிற்சி, சோற்றைக் குழையப் பிசைந்து தரத் தெரிந்த சத்துணவு உதவியாளர். இவற்றில் பல எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை. வால்பாறை எஸ்டேட் ஒன்றில் பள்ளி இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போனால் மற்ற பிள்ளைகள் நடந்தோ பஸ் ஏறியோ போய்விடுவார்கள். இவளுக்கு வண்டியும் துணையாளும் இல்லையென்றால் படிப்பு அன்றோடு நின்றுவிடும்.

சட்டம் இவள் பக்கமே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 31ஆம் பிரிவு, வரையறுத்த அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. 16ஆம் பிரிவு தடையற்ற கட்டடத்தையும், அதிக ஆதரவு தேவைப்படும் பிள்ளையின் துணையாளுக்கும் சேர்த்துப் போக்குவரத்தையும் கோருகிறது. ஆனால் பள்ளி இணைக்கப்படும்போது இவை எந்த நாளுக்குள் தயாராக வேண்டும் என்று அப்பிரிவுகள் சொல்லவில்லை. உரிமை நழுவுவது இந்த இடைவெளியில்தான்.

சிதறிக் கிடக்கும் சிறு பள்ளிகளுக்கு அலையும் சிறப்பாசிரியர் ஒரே பள்ளியில் கூடுதல் நேரம் தரலாமே என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு. ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், தாக்குப்பிடிக்க இயலாத சிறப்புப் பள்ளிகளை அருகிலுள்ள சிறப்புப் பள்ளிகளோடு இணைப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. அதே தீர்ப்புதான் மாணவர்-சிறப்பாசிரியர் விகிதத்தை அறிவிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது; அதன்படி 2022இல் சிறப்பாசிரியர் ஒருவருக்குத் தொடக்க நிலையில் 10 மாணவர், அதற்கு மேல் 15 மாணவர் என்ற விகிதம் வகுக்கப்பட்டது. ஆகவே இணைப்பின் நியாயம் மிச்சமாகும் செலவில் இல்லை. பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் கற்பித்தலில் இருக்கிறது.

நிர்வாகம் மாறும்போது பொறுப்பு சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சான்று. 2005 கத்ரீனா புயலுக்குப் பின் அந்நகரப் பள்ளிகள் பெருமளவு தனித்தனி நிர்வாகங்களிடம் போயின. மாற்றுத்திறன் மாணவர்களின் பெற்றோர் 2010இல் வழக்குத் தொடுத்தனர். 2015இல்தான் நீதிமன்ற ஒப்புதலோடு தீர்வு வந்தது. ஒரு பிள்ளையின் தொடக்கப் பள்ளிப் பருவம் முழுவதையும் விழுங்கிவிடும் காலம் அது.

எனவே இணைப்பாணைக்கு முன்பே மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவருக்கும் தனி மாற்றத் திட்டம். அதில் பெற்றோரும் புதிய பள்ளியின் தலைமையாசிரியரும் கையொப்பமிட வேண்டும். இரண்டாவது, சிறப்பாசிரியரின் வருகை நாட்களும் பயிற்சி நேரங்களும் குறையாது என்ற எழுத்துபூர்வ உறுதி. மூன்றாவது, பெற்றோர் நான்கில் மூன்று பங்கு இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் விசாரணை. பெற்றோர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிட்டால் முடிவு வரும்வரை பழைய ஏற்பாடே தொடர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. அரசாணை ஒன்றே போதும். அந்த அரசாணை வரும்வரை எந்த இணைப்பின் சுமையும் மாற்றுத்திறன் பிள்ளையின் தலையில்தான் முதலில் விழும்.