அளவும் இடைவெளியும்: ஆண் இயக்குநீர் மருந்தின் வரலாறு

கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களிலே வாழ்ந்தோர் நன்கறிந்த பாடம் ஒன்றுண்டு. மரத்தை நாள்தோறும் வெட்டினால் தொடக்கத்தில் பால் மிகுதியாகக் கிடைக்கும். நாளடைவில் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். ஆதலின் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவிற்று. எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதோடு, எத்தனை நாளுக்கொரு முறை வெட்டுவது என்பதும் மரத்தின் ஆயுளை நிர்ணயித்தது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரை மருந்தாக்கியபோது மருத்துவ உலகமும் இதே பாடத்தைப் படிப்படியாகவே கற்றது.

1849ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து அறிஞர் பெர்த்தோல்டு, சேவற்குஞ்சுகளின் விதைகளை அகற்றிப் பார்த்தார். அவை கொண்டை சிறுத்துச் சண்டைக் குணமின்றி வளர்ந்தன. விதையை மீண்டும் வயிற்றினுள் பொருத்தப் பெற்றவையோ முழுச் சேவல்களாயின. விதையில் பிறக்கும் ஏதோவொரு பொருள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செயற்படுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

1889இல், 72 வயதினரான பிரௌன் செக்கார் என்னும் மருத்துவ அறிஞர், நாய், கினி எலி ஆகியவற்றின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசி வழியாக ஏற்றிக்கொண்டு, வலிமை திரும்பிற்று என்று பாரிஸில் அறிவித்தார். நீரில் எடுத்த அச்சாற்றில் இயக்குநீர் மிகச் சொற்பமே இருந்திருக்கும். அவர் பெற்ற பலன் பெரும்பாலும் நம்பிக்கை தந்த பலனே எனலாம்.

1935இல்தான் உண்மைப் பொருள் கைக்குக் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் லக்கூர் குழுவினர் சுமார் 100 கிலோ காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பூட்டனாண்டும் ருசிக்காவும் கொலஸ்ட்ராலிலிருந்து அதனைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டனர். 1939ஆம் ஆண்டு நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பொருள் கிடைத்தும் சிக்கல் தீரவில்லை. வாய்வழி உட்கொண்டால் ஈரல் அதனைச் சிதைத்துவிடும். தனியே ஊசியில் ஏற்றினால் விரைவில் மறைந்துவிடும். ஆகவே கொழுப்பு அமிலத்தோடு பிணைத்து எண்ணெயிற் கரைத்தனர். 1930களின் பிற்பகுதியில் வந்த புரோப்பியோனேட்டுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று ஊசிகள் வேண்டியிருந்தன. 1950களில் வந்த எனாந்தேட், நல்லெண்ணெயிற் கரைத்தது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போதுமென்றாயிற்று. 2000களின் தொடக்கத்தில் ஆமணக்கெண்ணெயிற் கரைத்த அண்டெக்கனோயேட் ஊசி வந்தது. முதல் 1,000 மில்லிகிராமுக்கு 6 வாரங்களுக்குப் பின் இரண்டாவது ஊசி. அதன்பின் 10 முதல் 14 வாரங்களுக்கு ஒன்று.

இடைவெளி நீண்டால் வசதி பெருகும். ஆயினும் அலையும் பெரிதாகும். இரு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் எனாந்தேட் பெறுபவருக்கு முதற் சில நாட்களில் அளவு மிக உயரும். இறுதி நாட்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் தோன்றலாம். அந்நேரத்தில் மருந்தைக் கூட்டினால் உச்சமும் மேலும் உயரும். வாரத்துக்கு 100 மில்லிகிராமாகப் பிரித்தால், மொத்த அளவு மாறாமலே அலை தணியும். எனாந்தேட்டுக்கு இரு ஊசிகளின் நடுநாளிலும், அண்டெக்கனோயேட்டுக்கு அடுத்த ஊசிக்குச் சற்று முன்பும் இரத்தத்தை அளந்து மருத்துவர் தீர்மானிப்பர்.

அளவு மிஞ்சினால் குருதி கெட்டியாகும். செவ்வணுக்களின் பங்கு 54 விழுக்காட்டைக் கடந்தால் மருந்தை நிறுத்த வேண்டும். ஆதலின் தொடங்கிய 3 முதல் 6 மாதங்களுக்குள் இச்சோதனை கட்டாயமாகும். மேலும் இம்மருந்து விந்தணு உற்பத்தியை அடக்குவதால், பிள்ளைப்பேறு விரும்பும் இளைஞருக்கு உகந்ததன்று.

சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் நீரிழிவுடன் வாழும் நம்மவர் பலர். அந்நோயுள்ள ஆண்களில் இவ்வியக்குநீர் குறைவது அடிக்கடி காணப்படுவதே. கூச்சத்தால் மறைத்துவைப்பதும், விளம்பரத்தை நம்பி மருந்தை மிகையாக ஏற்றிக்கொள்வதும் ஒருங்கே தீங்காம். வெவ்வேறு நாட்களின் காலைப்பொழுதில் இருமுறை இரத்தம் சோதித்தே இக்குறை உறுதிசெய்யப்படும். பிரௌன் செக்கார் காலத்தில் இல்லாத அளவுகோல் இன்று நம் கையில் உண்டு. அதனைக் கொண்டு அளந்து, பொறுத்து, பின் மாற்றுவதே இவ்வரலாறு கற்பிக்கும் அறிவாகும்.