பழைய வாடிக்கையாளரும் செயலியின் விலையும்

விலை நியாயம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விற்பவரையும், புதிதாக வாங்க வருபவரையும் மட்டுமே எண்ணுகின்றனர். முன்னமே பணம் கொடுத்து வாங்கி, மாற்றாரிடம் போகாமல் நிலைத்து நிற்பவருக்குத் தனியுரிமை ஏதேனும் உண்டா என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. கைப்பேசிச் செயலிகளின் குறுகிய வரலாற்றில் அவ்வினா பலமுறை தலைதூக்கியிருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்றே காண்போம், நேயர்களே.

2007ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 8 கிகாபைட் கருவியின் விலை 599 டாலர். பத்து வாரம் நிறைவதற்குள், செப்டம்பர் 5ஆம் நாள், அவ்விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. முதலில் வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். மறுநாளே நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி, அவர்களுக்கு 100 டாலர் வரவு தருவதாக அறிவித்தார். குறைந்தது 200 டாலர். திரும்பி வந்தது 100 டாலர். அதுவும் ரொக்கமன்று, நிறுவனத்தின் கடையிலேயே செலவிட வேண்டிய தொகை! எனினும், முன்னதாக நம்பி வந்தவருக்கு ஓர் உரிமை உண்டு என்பதை அக்கடிதம் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டு, 2008 ஜூலை 10ஆம் நாள், அதே நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் என்னும் கடையைத் திறந்தபோது, அவ்வுரிமைக்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை. கணிப்பொறி மென்பொருளைப் பெட்டியில் இட்டு விற்ற காலத்தில், புதிய பதிப்பைப் பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் கொடுப்பது வணிக வழக்கமாக இருந்தது. புதிய கடையிலோ இரண்டே வழிகள். புதிய பதிப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். அல்லது தனிச் செயலியாக எல்லோருக்கும் முழு விலைக்கு விற்கலாம்.

இதன் விளைவு 2009 அக்டோபரில் வெளிப்பட்டது. லோரன் பிரிக்டர் என்பவர் டுவிட்டர் செய்திகளைப் படிப்பதற்காக ஆக்கிய டுவீட்டி என்னும் செயலி பெரும் பெயர் பெற்றிருந்தது. அதனை அவர் அடியோடு புதிதாக எழுதி, இரண்டாம் பதிப்பைத் தனிச் செயலியாக 2.99 டாலருக்கு விற்றார். முன்னரே வாங்கியவர்கள், மீண்டும் பணமா என்று கூக்குரலிட்டனர். மூன்று டாலருக்கு இத்துணைப் பூசலா என நகைப்போர் உண்டு. தொகை சிறிதாயினும் வழக்குச் சிறிதன்று. பள்ளியில் பாடநூல் புதுப்பதிப்பு வரும்போதும் பெற்றோர் முணுமுணுப்பர். ஆனால் பழைய நூலை மாணவன் கையிலிருந்து எவரும் பிடுங்கிக்கொள்வதில்லை. டுவீட்டியின் முதற்பதிப்பும் அவ்வாறே வாங்கியவர் கைப்பேசியிலேயே இருந்தது. ஆதலின் என் தீர்ப்பு பிரிக்டருக்குச் சார்பானது; புதிய உழைப்புக்குப் புதிய கூலி கேட்டது தவறன்று.

2014இல் பல செயலிகளைக் கட்டாகச் சேர்த்து விற்கும் வசதி வந்தது. சிலர் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே கட்டில் வைத்தனர். பழையது 3 டாலர், புதியது 5 டாலர், கட்டின் விலை 6 டாலர் என்று கொள்வோம். பழையதை முன்னரே வாங்கியவருக்கு அந்த 3 டாலர் கழிக்கப்படும். எனவே புதியது 3 டாலருக்கே கிடைக்கும். நல்ல உபாயந்தான்! ஆனால் இதற்காகப் பழைய சரக்கையும் கடையில் தொடர்ந்து வைத்திருக்க வேண்டியதாயிற்று.

விற்றதோடு உழைப்பு முடிவதுமில்லை. 2017இல் ஐஓஎஸ் 11 வெளிவந்தபோது, 32 பிட் முறையில் ஆக்கப்பட்டு, பின்னர் திருத்தப்படாத செயலிகள் அதில் இயங்காமற்போயின. வைத்ததை வைத்தபடியே காப்பதற்கும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சோறு வேண்டும்.

2016இல் சந்தா முறை எல்லா வகைச் செயலிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு சந்தாதாரர் ஓராண்டு நிலைத்துவிட்டால், கடையின் பங்கு நூற்றுக்கு 30இலிருந்து 15ஆகக் குறையும் என்றனர். நிலைத்து நின்றவர் வாடிக்கையாளர். சலுகை போய்ச் சேர்ந்ததோ விற்பவரிடம்!

உண்மையான சோதனை 2021 நவம்பரில் நேர்ந்தது. குறிப்பெடுக்கும் நோட்டபிலிட்டி என்னும் செயலி சந்தா முறைக்கு மாறியது. முன்பு விலை கொடுத்து வாங்கியவர்களும் ஓராண்டுக்குப் பின் சந்தா கட்டவேண்டும் என அறிவித்தனர். டுவீட்டி வழக்கினின்றும் இது முற்றிலும் வேறு. அங்கே கேட்டது புதிய நூலுக்கு விலை. இங்கே கை வைத்தது பழைய நூலின் மேல். முதன்மைப் பயனாக ஏற்கெனவே பணம் பெற்று விற்றதை, சந்தாவுக்கு மாறும்போது எடுத்துவிடலாகாது என்பது கடையின் விதியுங்கூட. எதிர்ப்பு வலுத்தது. சில நாட்களுக்குள் நிறுவனத்தார் பின்வாங்கி, முன்பு வாங்கியவர்கள் தாம் பெற்ற பயன்களை என்றென்றும் வைத்துக்கொள்ளலாம் என்றனர்.

விலையை உயர்த்தும்போது, ஏற்கெனவே இருக்கும் சந்தாதாரர்களுக்கு மட்டும் பழைய கட்டணத்தையே நிலைநிறுத்தும் வசதியும் ஆப் ஸ்டோரில் உண்டு. அதனைக் கையாள்வதும் விடுவதும் செயலியை ஆக்குவோரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.